தன் மூட்டுச் சவ்வைப் பார்க்க வந்தவர்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். உனக்குக் காலையில் விரல்கள் மடங்குகின்றனவா? சாப்பிட்ட பிறகுதானே மாத்திரை போடுகிறாய்?

முடக்குவாதக்காரர்களின் மூட்டிலிருந்து எடுத்த சவ்வு எங்கள் ஆய்வகத்துக்குக் குப்பியில் வரும். அதில் எண் மட்டும்தான் இருக்கும், ஆளைப் பார்த்ததே இல்லை. போன வாரம் ஒரு தையல்காரம்மா, முட்டி அறுவை முடிந்தவர், மருத்துவரிடம் அனுமதியும் தன் குப்பியின் எண்ணும் வாங்கிக்கொண்டு, தன் சவ்வைப் பார்க்கக் கைத்தடியோடு வந்துவிட்டார். நுண்ணோக்கியில் காட்டினேன். வீங்கிய சவ்வுக்குள் செல்கள் எறும்பாய் மொய்த்திருந்தன.

"இத்தனூண்டா என்னை இந்தப் பாடு படுத்துச்சு?" என்று சிரித்தார். "எதைக் கொடுத்தா அடங்கும்னு தெரிஞ்சுதா?"

"இன்னும் இல்லம்மா. தேடிக்கிட்டுதான் இருக்கோம்."

"தேடு, தேடு. ஆமா, நீ சாப்பிட்டியா?"

இங்கு வந்த எட்டு மாதத்தில் யாரும் அதைக் கேட்டதில்லை. சாப்பிட்டேன் என்று பொய் சொல்லிவிட்டு, அவர் போனதும் குப்பி கழுவும் தொட்டியருகே கொஞ்ச நேரம் நின்றிருந்தேன். வேறொன்றுமில்லை, பயப்படாதே.

உன் கடிதங்களைச் சின்னவள்தான் எழுதுகிறாள். அவள் எழுத்து முத்து முத்தாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் வலி குறைந்த நாளாகப் பார்த்து, உறைமேல் என் பெயரை மட்டும் நீயே எழுது. கோணலாக இருந்தாலும் எனக்கு வேண்டும்.

கூப்பிடுகிறார்கள், போகிறேன்.

உன் மூத்தவள்