லேசர் அறைக்கு மேலே குதிப்பவர்களுக்குத் தரைத்தளத்தில் இடம் கோரி

அனுப்புநர்:
லேசர் பட அறை உதவியாளர்,
இதய ஆய்வுக்கூடம், மேற்குக் கட்டடம்.

பெறுநர்:
கட்டடப் பராமரிப்பு அதிகாரி அவர்கள்,
மருத்துவமனை அலுவலகம்.

பொருள்: பூட்டப்பட்ட உடற்பயிற்சி வகுப்புக்கு மாற்று அறை வேண்டுதல் தொடர்பாக.

மதிப்புக்குரிய ஐயா,

1. நோயாளிகளின் கழுத்து இரத்தக்குழாயிலிருந்து அறுவை சிகிச்சையில் எடுத்த அடைப்பை எங்கள் அறையில் லேசர் ஒளியால் படமெடுக்கிறோம். சாயம் ஏற்றாமலே கொழுப்பு எது, நார் எது என்று தெரியும். எந்த அடைப்பு உடைந்து ஆளைச் சாய்க்கும் என்று முன்கூட்டியே கண்டுபிடிப்பதே நோக்கம். படம் முடியும்வரை அந்த அடைப்புத் துண்டு மயிரிழையும் அசையக் கூடாது. தும்மல் வந்தால்கூட நான் வராந்தாவுக்கு ஓடிவிடுகிறேன்.

2. எங்கள் தலைக்கு மேலே, அதே அறுவை முடிந்தவர்களுக்கான உடற்பயிற்சி வகுப்பு. அவர்கள் குதித்தால் எங்கள் படம் கூழாகிவிடும். எச்சரிப்பதற்காக ஒட்டடைக் கம்பால் கூரையைத் தட்டினேன். "கீழ இருந்து நமக்குத் தாளம் போடுறாங்க, விடாதீங்க" என்று பயிற்சியாளரம்மா சொன்னது காதில் விழுந்தது. கோபத்தில் வேகமாகத் தட்டினேன். அவர்களும் வேகமானார்கள்.

3. எங்கள் டாக்டரம்மா முறையிட்ட அன்றே தாங்கள் வகுப்பைப் பூட்டினீர்கள். எங்கள் அறையில் ஒழுகும் குழாய்க்கு அந்த அதிர்ஷ்டம் இன்னும் வாய்க்கவில்லை.

4. இப்போது படங்கள் பளிச்சென்று வருகின்றன. வகுப்புக்கு வந்தவர்களோ மாடிப்படியில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் லாரி ஓட்டுநர். பக்கவாதத்தில் விழுந்த காலை அந்த வகுப்பில்தான் தூக்கி வைக்கப் பழகினார். டாக்டரம்மா அவருடைய அடைப்பின் படத்தை அவருக்கே காட்டினார். நீலமும் பச்சையுமாக மின்னியதைப் பார்த்து, "என்னம்மா, என் மூஞ்சியவிட இது நல்லாயிருக்கே" என்றார். எழுந்து போகும்போது என்னிடம், "வீட்ல செய்ய பயமா இருக்கு சார். இங்க விழுந்தா தூக்க ஆள் இருக்கு" என்றார். அந்தக் கால் மறுபடி தரையில் இழுபடுவதை வாசல்வரை பார்த்தேன்.

5. கிழக்குக் கட்டடத் தரைத்தள அறையில் கால் உடைந்த நாற்காலிகள் ஏலத்துக்காகக் காத்திருக்கின்றன. அவற்றை எங்கள் தலைக்கு மேலே ஏற்றிவிட்டு, அந்த அறையை வகுப்புக்குத் தருமாறு வேண்டுகிறேன். நாற்காலிகள் குதிக்கமாட்டா என்பதற்கு நான் பொறுப்பு. தூக்கவும் வருகிறேன், என் தொப்பைக்கும் ஒரு வகுப்பு தேவைதான். டாக்டரம்மாவும் சம்மதித்துக் கீழே ஒப்பமிட்டிருக்கிறார்.

தங்கள் உத்தரவு வரும்வரை ஓட்டுநர் எங்கள் வராந்தாவில் நடக்கிறார். அந்த நேரத்துக்கு லேசரை அணைத்துவைக்கிறோம்.

இடம்: லேசர் பட அறை
நாள்: 12-08-2024

பணிவுடன்,
(ஒப்பம்)
லேசர் பட அறை உதவியாளர்

(ஒப்பம்)
ஆய்வு மருத்துவர்