ஆறாவது எபிசோடோடு நிறுத்தியிருக்கிறேன்

ஈசாஃபியோர்துர்,
ஜனவரி 20, செவ்வாய்

அன்புள்ள சோல்ரூனுக்கு,

டாக்னி எழுதிக்கொள்வது. நான் நலம். என் இடது முட்டி நலமில்லை, அது என்றைக்கு நலமாக இருந்தது? நீ நலமா என்று அடுத்ததாகக் கேட்க வேண்டும். கேட்கப் போவதில்லை. நான்கு நாளாகப் போனை எடுக்காதவளிடம் என்ன நலம் விசாரிப்பது? அதனால்தான் பேனாவை எடுத்தேன். கடிதம் என்றால் பாதியில் கட் பண்ண முடியாது பார்.

உன் மகன் பியார்க்கியிடம் பேசினேன். இதய வால்வை மாற்ற டாக்டர் பிப்ரவரி ஐந்தாம் தேதி கொடுத்திருக்கிறாராம். வருகிற திங்கட்கிழமைக்குள் நீ சரி என்று சொல்ல வேண்டும், இல்லையென்றால் அந்தத் தேதி வேறு யாருக்கோ போய்விடும். நீ இன்னும் சொல்லவில்லை. "எதக் கேட்டாலும் பாக்கலாம், பாக்கலாம்னே சொல்றாங்க சித்தி. டாக்டர்கிட்டயும் அதத்தான் சொன்னாங்க. நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லுங்க," என்றான். பாவம், குரலே இறங்கிவிட்டது பிள்ளைக்கு.

ஒரு வார்த்தை என்ன, நாலு பக்கம் சொல்கிறேன். ஆபரேஷன் முடிந்தால் ஆறு வாரம் ஒரு வேலையும் செய்யக்கூடாதாம். பாத்திரம் கழுவக்கூடாது, பனி வாரக்கூடாது, ஒரு வாளி தூக்கக்கூடாது. மீன் ஆலையில் முப்பத்தொரு வருஷம் நீயும் நானும் பக்கத்தில் பக்கத்தில் நின்று மீன் அறுத்தோமே, அப்போது இப்படி ஓர் ஓய்வு யாராவது கொடுத்தார்களா? படுத்துக்கொண்டு தொடர் பார் என்று டாக்டரே சீட்டு எழுதித் தரும்போது பாக்கலாம் என்கிறாள் ஒருத்தி.

அந்த ஆறு வாரத்துக்கு என்னென்ன பார்க்கலாம் என்று சொல்லிவிடுகிறேன். மதிப்பெண் எல்லாம் நம் கணக்குப்படிதான்: பார்த்துக்கொண்டே ஸ்வெட்டர் பின்னும்போது எத்தனை கண்ணி நழுவியது என்பதே அளவு.

முதலில் அந்த பெல்ஜியம் சமையல்காரி தொடர். ஒரு மணி நேரத்தில் பதினோரு கண்ணி நழுவவிட்டேன். அவள் அண்ணன் கடையை விற்கப் போகிறான் என்று தெரிந்த இடத்தில் ஊசியே கீழே விழுந்துவிட்டது. கட்டாயம் பார். கொரியாக்காரர்களின் பள்ளிக்கூடத் தொடருக்கு ஆறு கண்ணி கொடுக்கலாம், ஆனால் அழ வைப்பார்கள், நெஞ்சில் தையல் ஆறின பிறகு பார். ஸ்பெயின் ஜமீன் குடும்பம் இருக்கிறதே, அதில் ஒரு முழுக் கையையும் கழுத்துப் பட்டியையும் பின்னி முடித்துவிட்டேன், ஒரு கண்ணி நழுவவில்லை. கம்பளி மிச்சமிருந்தால் மட்டும் பார்.

நம் ஊரில் எடுத்த புதுத் தொடர் ஒன்றும் வந்திருக்கிறது. வழக்கம்போலப் பனியில் ஒரு பிணம், பொண்டாட்டி விட்டுப்போன ஒரு போலீஸ்காரர். நீச்சல் குளத்து வெந்நீர்த் தொட்டியில் காலையில் இதே பேச்சுதான். கிழட்டுக் கேப்டன் ஃபின்போகி கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்துகொண்டு, "இவனுங்க காட்டுற கணக்குக்குக் கொலை நடந்திருந்தா இந்தத் தொட்டியில உக்கார ஆளே இருக்காது," என்றார். மருந்துக்கடை ஸ்வாவா விடவில்லை. "இருந்தா என்ன கேப்டன், முதல் எபிசோடுலயே உங்களத்தான் போட்டுத் தள்ளியிருப்பாங்க," என்றாள். எனக்கு அந்தத் தொடரில் ஒரே குறை. போலீஸ்காரரின் ஸ்வெட்டர் வாசலில் ஒரு பின்னல், உள்ளே வந்ததும் வேறு பின்னல். இதைக்கூடப் பார்க்காதவன் கொலையை எப்படிக் கண்டுபிடிப்பான்?

'பதினேழாம் படகு' பற்றி நீ கேட்பாய் என்று தெரியும். நாம் இருவரும் ஆறாவது எபிசோடில் விட்ட இடத்திலேயே இருக்கிறது. தொடமாட்டேன். கூட்டாளி இல்லாமல் முந்திப் பார்ப்பவள் மனுஷியே இல்லை என்று தொட்டியில் சட்டம் போட்டதே நீதானே. நீ தலைநகருக்கு, பியார்க்கி வீட்டுக்குப் புறப்படும் முன்பு கடைசி இரண்டையும் பார்த்துவிடலாம் என்றிருந்தோம், உனக்குத்தான் அன்று தலை சுற்றல். கொன்றவன் ஐஸ் ஆலைக்காரன்தான் என்று நான் இப்போதும் சொல்கிறேன். ஸ்வெட்டர் முழங்கையில் அவ்வளவு அவசரமாக ஒட்டுப் போட்டவன் எதையோ மறைக்கிறான். நீ மதகுருவின் மனைவி என்கிறாய். வந்து பார்த்துத் தோற்றுப் போ.

இன்னொன்று. உன் ஐந்தாம் நம்பர் ஊசிகளை என் வீட்டில் விட்டுப் போயிருக்கிறாய். மறதியா என்று பார்த்தால், "நீயே வச்சுக்கோ," என்று நீ கையில் கொடுத்தது நினைவு வருகிறது. அங்கே எதை வைத்துப் பின்னுகிறாய்?

உலர்மீனும் ருபார்ப் ஜாமும் கட்டிவைத்திருக்கிறேன். கடிதத்தை அதற்குள் போட்டு நாளை விமானத்தில் அனுப்புகிறேன்.

ஜனவரி 22, வியாழன்

விமானம் வரவில்லை. நேற்றும் இல்லை, இன்றும் இல்லை. காற்று வீட்டையே பிடித்து உலுக்குகிறது, மலைப்பாதையையும் மூடிவிட்டார்கள். அதனால் கடிதம் இன்னும் என் மேசையில்தான் கிடக்கிறது. கிடந்ததும் நல்லதுதான்.

காலையில் காபி குடித்துவிட்டு உனக்கு ஓர் உதவி செய்யலாம் என்று உட்கார்ந்தேன். மேலே சொன்ன தொடர்களை ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு நீ தேடிக்கொண்டிருக்க வேண்டாம், உன் பட்டியலிலேயே சேர்த்துவிடலாம் என்று நினைத்தேன். பியார்க்கியின் கணக்குதானே நம் இருவருக்கும், ஆளுக்கொரு படம் வைத்துப் பிரித்துக் கொடுத்திருக்கிறான். என் ஆந்தைப் படத்தை விட்டுவிட்டு உன் பென்குவின் படத்தை அழுத்தினேன். சத்தியமாக வேவு பார்க்கப் போகவில்லை.

நாம் சேர்ந்து பார்த்ததெல்லாம் என் வீட்டில், என் ஆந்தையில். உன் பென்குவினில் 'பதினேழாம் படகு' இருக்கவே கூடாது. இருந்தது. ஏழாவது எபிசோடின் அடியில், எதுவரை பார்த்தாய் என்று காட்டும் சிவப்புக் கோடு கடைசிவரை ஓடியிருந்தது. எட்டாவதின் அடியிலும் கடைசிவரை ஓடியிருந்தது.

முதலில் எனக்கு வந்தது கோபம். திருட்டுக் கழுதை என்று வாய்விட்டே திட்டினேன், வீட்டில் யாரும் இல்லை. தலை சுற்றுகிறது என்று நீ சொன்ன அன்று மதியம் உன் வீட்டில் ஒண்டியாக உட்கார்ந்து இரண்டையும் பார்த்து முடித்திருக்கிறாய், அதானே? மறுநாள் விமான நிலையத்தில் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "படகு பத்திரம்டி," என்று வேறு சொன்னாய்.

இரண்டாவது காபி ஊற்றும்போதுதான் எனக்கு உறைத்தது. நாற்பது வருஷத்தில் நீ ஒரு தடவைகூட முந்திப் போனதில்லை. எனக்கு ஃப்ளூ வந்தபோது மூன்று வாரம் காத்திருந்தவள் நீ. அப்படிப்பட்டவள் முடிவை ஏன் அவசரமாகத் தெரிந்துகொள்ள வேண்டும்? ஊசியை ஏன் என் கையில் கொடுத்துவிட்டுப் போக வேண்டும்? காபி ஆறிப்போனது.

நீ திரும்பி வரப்போவதில்லை என்று முடிவு கட்டிவிட்டுத்தான் போயிருக்கிறாய். உன் அக்கா அந்த ஆபரேஷன் மேசையில் படுத்து எழுந்திருக்காதது எனக்கு மட்டும் மறந்துவிட்டதா? சவப்பெட்டியின் ஒரு மூலையை நானும்தானே தூக்கினேன். ஆனால் அது முப்பது வருஷத்துக்கு முன்னால். பயமா இருக்குடி டாக்னி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை எழுதிய அந்தக் கும்மாளம் எல்லாம் அந்தப் பயத்தில் எழுதியதுதான்.

ஜனவரி 23, வெள்ளி

காற்று நின்றுவிட்டது. மதியம் விமானம் உண்டு என்கிறார்கள்.

காலையில் தொட்டிக்குப் போனேன். மன்னித்துக்கொள், சொல்லிவிட்டேன். "சோல்ரூன் முந்திப் பாத்துட்டா. ஏழு, எட்டு ரெண்டையும்," என்றேன். எல்லாரும் சிரிப்பார்கள், உன்னைக் கிழிகிழியென்று கிழிப்பார்கள் என்று நினைத்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. ஸ்வாவா என் முகத்தைப் பார்த்தாள். ஃபின்போகி தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். எதற்காகப் பார்த்தாய் என்று யாரும் கேட்கவில்லை, எல்லாருக்கும் புரிந்துவிட்டது.

பிறகு ஃபின்போகி தொண்டையைச் செருமினார். "சட்டம்னா சட்டம்தான். முந்திப் பாத்தவங்க குளிர்தொட்டியில மூணு நிமிஷம் உக்காரணும்," என்றார்.

"அவ இதயத்த வச்சுக்கிட்டுக் குளிர்தொட்டியா? வால்வு மாத்தாம அதுல கால் வைக்கவே விடமாட்டேன்," என்றாள் ஸ்வாவா.

"அப்ப மாத்திட்டு வரட்டும். அதோட அடுத்த வருஷம் சூரியக் காபிக்கு எல்லாப் பான்கேக்கும் அவதான் சுடணும். எனக்கு மட்டும் பன்னெண்டு," என்றார் கேப்டன். சொல்லிவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டார். வெந்நீர்த் தொட்டியில் முகம் கழுவுகிறவர் இல்லை அவர், உனக்கே தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை மலைக்கு மேல் சூரியன் எட்டிப் பார்க்கும். இரண்டு மாதமாயிற்று பார்த்து, வழக்கம்போல ஊரே காபியும் பான்கேக்குமாக அதைக் கொண்டாடும். நீ இல்லாமல் இந்த வருஷம் பான்கேக்கை நான்தான் சுட வேண்டும். என் பான்கேக்கைப் பற்றித் தொட்டியில் என்ன பேசுவார்கள் என்று உனக்குத் தெரியாதா? அடுத்த வருஷமும் என்னை அந்த அவமானத்துக்கு ஆளாக்காதே.

நான் பிப்ரவரி நான்காம் தேதி விமானத்துக்குச் சீட்டு எடுத்துவிட்டேன். நீ சரி சொன்னாலும் சொல்லாவிட்டாலும் வருகிறேன். சொன்னால் ஐந்தாம் தேதி முழுக்க ஆஸ்பத்திரி நடைவழியில் உட்கார்ந்து பின்னிக்கொண்டிருப்பேன். அன்றைக்கு எத்தனை கண்ணி நழுவும் என்று நினைத்தால் எனக்கே அச்சமாக இருக்கிறது, நீ கண்ணைத் திறந்ததும் அதையெல்லாம் எடுத்துச் சரிபண்ணிக் கொடுக்க வேண்டும். உன் ஐந்தாம் நம்பர் ஊசிகளைக் கையோடு கொண்டுவருகிறேன். அவை என்னுடையவை அல்ல, வைத்துக்கொள்ள மாட்டேன்.

பிறகு உன் கட்டில் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு ஏழாவது எபிசோடைத் திறப்பேன். நீ முதல் தடவை பார்ப்பதுபோல் நடிக்க வேண்டும். உனக்கு நடிப்பு வராது என்று தெரியும், அந்தச் சிவப்புக் கோடே உன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது. இருந்தாலும் நடி.

பியார்க்கியைத் திட்டாதே, அவன் நல்ல பிள்ளை. உலர்மீனை வெண்ணெய் தடவித் தின்னு, உப்பை மட்டும் தட்டிவிடு. உன் இதயம் உனக்கு நல்லபடியாக உழைக்கட்டும். இத்தனை வருஷம் என்னைச் சகித்த இதயம், இன்னும் கொஞ்சம் சகிக்கும்.

கொன்றது ஐஸ் ஆலைக்காரனா, மதகுரு மனைவியா என்று எனக்கு எழுதாதே. திங்கட்கிழமைக்குள் டாக்டரிடம் சரி என்று மட்டும் சொல்.

ஆறாவதில் காத்திருக்கும்
உன் டாக்னி