கிள்ளான் செய்தியை நான் நீக்கிய நாள்

இன்று காலை அலுவலகக் கணினியைத் திறந்தேன். ஹவானாவிலிருந்து வரும் அந்தச் செய்தி மடல் மறுபடி உன் பெயருக்கு வந்திருந்தது. நீ போய் எட்டு மாதமாகிறது. அவர்களுக்கு அது தெரியாது.

கியூபாவில் சில நிருபர்கள் ஒரு வீட்டிலிருந்து நடத்தும் செய்தித்தளம் அது. சொந்த நாட்டிலேயே அரசு தளத்தை முடக்கிவிட்டதால் செய்திகளை மின்னஞ்சலில் அனுப்புகிறார்கள். ஆங்கிலப் பதிப்பை நீ ஒரு வரி விடாமல் படிப்பாய். ஒரு அரசியல் கட்சிக்காரர் நடத்திய பத்திரிகையை விட்டு நாம் இருவரும் வெளியேறி, பிரிக்பீல்ட்ஸில் துணிக்கடை மாடியில் நம் தளத்தைத் தொடங்கியதற்கு அவர்கள்தான் காரணம். "அவங்களால முடியுது, நம்மளால முடியாதா லா?" என்றாய்.

கிள்ளான் நகரில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரத்தில் சிக்கி இறந்த தமிழ்நாட்டுத் தொழிலாளியைப் பற்றி நீதான் எழுதினாய். அவரோடு வேலை செய்தவர்கள் உன்னை நம்பித்தான் பேசினார்கள். அவர் அந்த இயந்திரத்தின் முன் நிற்கும் படத்தையும் கொடுத்தார்கள். செய்தி வெளியான வாரம் உனக்கு நெஞ்சுவலி வந்து மருத்துவமனையில் சேர்த்தோம். தொழிற்சாலையின் வழக்கறிஞர் என்னை அழைத்தார். "எடுத்துடுங்க பாஸ். இல்லன்னா கோர்ட்ல பார்ப்போம்." உன்னைக் கேட்காமல் எடுத்துவிட்டேன்.

மாலையில் நான் மருத்துவமனைக்கு வந்தபோது கைப்பேசியை என் பக்கம் திருப்பிக் காட்டினாய். செய்தி இருந்த இடம் வெறுமையாக இருந்தது.

"அங்க கவர்மெண்ட் மூடுது. இங்க யாரும் வந்து மூடல. நீயே மூடிட்டே."

உன் உடம்பை நினைத்துத்தான் என்றேன்.

"என் மேல போடாதே. பயந்தேன்னு சொல்லு." சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய்.

மூன்றாம் நாள் இறந்தவரின் மனைவி தமிழ்நாட்டிலிருந்து அழைத்தார். "சார், அவரு அங்க வேலையே பாக்கலைன்னு கம்பெனிக்காரங்க சொல்றாங்க. உங்க செய்தியிலதான் போட்டோ இருந்துச்சு. இப்பக் காணோமே சார்."

உடனே திரும்ப ஏற்றினேன். கீழே, 'பயந்து நீக்கியிருந்தேன்' என்று என் பெயரோடு ஒரு வரி சேர்த்தேன். உன்னிடம் காட்ட ஓடி வந்தேன். உன்னை ஐசியூவுக்கு மாற்றியிருந்தார்கள். அதன் பிறகு நீ கண் திறக்கவில்லை.

தொழிற்சாலை நம் மீது போட்ட வழக்கு நடக்கிறது. அந்தப் பெண்ணுக்கு இன்னும் நியாயம் கிடைக்கவில்லை. உன்னிடம் பேசிய இருவரைத் தொழிற்சாலை ஊருக்கு அனுப்பிவிட்டது. அதையும் நீ அறியமாட்டாய்.

இப்போதும் மிரட்டல் அழைப்புகள் வருகின்றன. "எடுக்க முடியாது" என்கிறேன். எனக்குத் துணிச்சல் அதிகம் என்று புதிதாகச் சேர்ந்தவர்கள் பேசிக்கொள்கிறார்கள். அந்தப் பெண் அழைத்திராவிட்டால் செய்தியைத் திரும்பப் போட்டிருப்பேனா? எனக்கே தெரியாது. அதை உன் ஒருத்தியிடம்தான் சொல்லியிருக்க முடியும்.