கால் எட்டாத தண்ணீர்

14 ஜூன், சனி

தம்பி டேவிட்டின் மகள் பெனிட்டா இன்று பொன்னேரி சாரணியர் குழுவில் சேர்ந்துவிட்டாள். பதின்மூன்று வயது. கூடாரம் அடிப்பது, முதலுதவி, திசை பார்ப்பது எல்லாம் சொல்லித் தருகிறார்களாம். வந்ததும் என் வலது கையில் கட்டுப் போட்டுப் பழகினாள். சோறு எப்படிச் சாப்பிடுவது என்று கேட்டேன். "அடிபட்டவங்க பேசக் கூடாது பெரிப்பா."

28 ஜூன்

மழை, பஸ் இல்லை. சாரணியர் வகுப்பு போய்விட்டதென்று பெனிட்டா அழுகிறாள். முப்பது வருஷம் பாடம் நடத்தினேன். என் வகுப்பு போனதற்கு யாரும் அழுததில்லை.

5 ஜூலை, சனி

அடுத்த சனிக்கிழமை முகாம். நீச்சல் குளத்தில் பயிற்சியும் உண்டு. குழுவை நடத்தும் ஜமுனா மிஸ், யாருக்கு நீச்சல் தெரியும் என்று கேட்டிருக்கிறார். ஏரிக்கரைப் பிள்ளை என்று எல்லோரும் திரும்பி இவளைத்தான் பார்த்தார்களாம். கை தூக்கியிருக்கிறாள். உடனே ஓர் அணிக்குத் தலைவி, தோளில் சிவப்பு நாடா.

டேவிட்டுக்குப் பெருமை தாங்கவில்லை. "ஏரியில பொறந்தவளுக்கு நீச்சல் இன்னா பெரிய விஷயம்?"

8 ஜூலை

பெனிட்டா சரியாகச் சாப்பிடவில்லை. முகாமுக்குப் போகவில்லை என்கிறாள். காய்ச்சல் இல்லை. பிறகு என்ன?

9 ஜூலை

சாயங்காலம் ஏரிக்கரைக்குப் போனேன். பெனிட்டா தனியாகத் தண்ணீரில் இருந்தாள். தூரத்திலிருந்து நீந்துவதுபோலத்தான் தெரிந்தது. கிட்டே போனால், இரண்டு கையையும் சேற்றில் ஊன்றி நகர்கிறாள். அவள் அப்பாவும் அம்மாவும் இறால் போடும் பறிக்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, கையால் தடவி இறால் பிடிக்கும்போது நகர்வார்களே, அப்படியே. கையை எடுத்தால் மூழ்குகிறாள்.

எங்கள் ஏரி, எழுந்து நின்றால் இடுப்பளவு. இதில் யார் நீந்துகிறார்கள்? நாள் முழுக்கத் தண்ணீரில் கிடப்பவர்களுக்கு நீச்சல் தெரியும் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டுவிட்டோம் — நானும்தான்.

"மிஸ்கிட்ட சொல்லிடு கண்ணு."

"சொன்னா சிரிப்பாங்க. குழுவுல வச்சிக்க மாட்டாங்க."

சைக்கிள் ஓட்டத் தெரியாத ஒருவனைப் பற்றி ஆரம்பித்தேன்.

"உதாரணம் வேணாம் பெரிப்பா. அங்க கால் எட்டாதாம்."

10 ஜூலை

டேவிட்டிடம் சொன்னேன். திட்டுவான் என்று நினைத்தேன். "எனக்கு மட்டும் தெரியுமா இன்னாண்ணே" என்றான்.

அவன் மனைவி கோமளா சிரித்துவிட்டாள். "மழையில தண்ணி மார்புக்கு மேல ஏறிச்சினா என் தோளத்தான புடிச்சிக்கிறாரு."

பெனிட்டா அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "நானே சொல்றேன். நீங்க போன் பண்ணாதீங்க" என்றாள்.

சரி. ஆனால் நானும் கூடப் போவேன். தண்ணீரில் இறங்குமுன் அவள் சொல்லாவிட்டால் நான் சொல்லிவிடுவேன்.

12 ஜூலை, சனி

அவளுடன் பஸ்ஸில் போனேன். திருப்பாலைவனத்தில் பிரின்சி ஏறினாள், இவள் அணிப் பெண். "எங்க கேப்டன் இருக்கா, பயமே இல்ல தாத்தா." பெனிட்டா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

குளம். நீலத் தண்ணீர், அடிவரை தெரிந்தது. மிஸ் விசில் அடித்தார். பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். இவள் சொல்லவில்லை. சொல்லேன், சொல்லித் தொலையேன்மா... நான் ஓரடி எடுத்து வைத்துவிட்டேன்.

"மிஸ். எனக்கு நீச்சல் தெரியாது மிஸ். சும்மா கை தூக்கிட்டேன்."

யாரும் சிரிக்கவில்லை. பிரின்சிதான் தலையில் கை வைத்தாள். "அடிப்பாவி, எனக்கும் தெரியாதுடி. உன் கழுத்தப் புடிச்சிக்கலாம்னு இருந்தேன்." அதற்குத்தான் எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சிவப்பு நாடா வேறொரு பெண்ணுக்குப் போனது. பெனிட்டா கொஞ்சம் அழுதாள். பிறகு அவளுக்கும் பிரின்சிக்கும் மிதவைச் சட்டை மாட்டி, ஆழமில்லாத பக்கம் இறக்கினார்கள். யாரையும் குழுவை விட்டு அனுப்பவில்லை. வெளியே வந்து ஒரு டீ குடித்தேன். உடனே இன்னொன்றும் குடித்தேன். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

31 ஆகஸ்ட், ஞாயிறு

ஆராதனை முடிந்து ஏரிப் பக்கம் போனேன். பெனிட்டா அவள் அப்பாவைத் தண்ணீரில் மல்லாக்கப் படுக்கவைத்து, முதுகுக்கு அடியில் கைகொடுத்து நின்றிருந்தாள். டேவிட் கண்ணை இறுக மூடியிருந்தான்.

"கால ஊனாத நைனா. நான் புடிச்சிகினுதான் இருக்கேன்."

"உட்றாதடி" என்றாள் கோமளா கரையிலிருந்து. "எனக்கு இருக்கறது ஒருத்தருதான்."

பெனிட்டா என்னைப் பார்த்தாள். பேசாதீர்கள் என்பதுபோல் தலையசைத்துவிட்டு, இரண்டு கையையும் மெதுவாகத் தண்ணீருக்கு வெளியே எடுத்துக் காட்டினாள்.