விரல் நீள மத்தி

ஐப்பசி 14, சனி. சித்திரபுரம்.

மீன்கார ஜோசப் அண்ணனை இன்று எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வாசலில் எல்லோர் முன்னாலும் திட்டிவிட்டேன். பெட்டியில் இருந்த மத்தி ஒவ்வொன்றும் என் நடுவிரல் நீளம்தான்.

"நாங்க கொழுந்து கிள்ளுற மாதிரி நீங்க கடல்ல குஞ்சக் கிள்ளிட்டு வாறீங்களாண்ணே?"

"குஞ்சு இல்ல தங்கச்சி. கடல் சூடாயிருச்சு, அதுகளுக்குத் தீனி இல்ல. வளந்தாலே இவ்வளவுதான்," என்றார்.

நான் நம்பவில்லை. வீட்டுக்கு வந்து முதல் மீனைக் கீறினேன். வயிறு நிறையச் சினை. அடுத்ததிலும் சினை.

மழை பொய்த்தால் தேயிலைத் துளிர் நீளாமல் குட்டையாகவே முற்றிவிடும். பஞ்சி என்று கிள்ளி எறிவோம். அது பிஞ்சல்ல, முற்றியது என்று பார்த்தாலே தெரியும் எனக்கு, மீனைப் பார்த்துத் தெரியவில்லை.

இப்போது ஜன்னலுக்கு வெளியே மூடுபனி மலைமேல் அலையலையாக ஏறுகிறது. கடலை நான் பார்த்ததே இல்லை. கண்ணை மூடினால் வெதுவெதுப்பான தண்ணீரில் விரல் நீளத் தாய்கள் கூட்டம் கூட்டமாகப் போகின்றன. வளர்வதற்குள் அம்மாவாகிவிட்டவை.

அடுத்த சனி மீன் வண்டியின் ஹாரன் சத்தம் கேட்டதும் நானே முதலில் போய் அண்ணனிடம் பேச வேண்டும்.

சின்ன வயதில் மீன் சினைக்காகத் தங்கையோடு சண்டை போட்டவள் நான். இன்று அது தின்ன மனசில்லாமல் சட்டியிலேயே கிடக்கிறது.