கரண்ட் வைக்கப் போட்ட கோடு

மாரண்டஹள்ளி

அன்பு மகள் யுவராணிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அயர்லாந்துக் குளிரில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க முனியப்பனை வேண்டிக்கொள்கிறேன். போனில் கேட்டால் நல்லா இருக்கேன் என்று சொல்லிவிடுகிறேன், அப்பா பக்கத்திலேயே நிற்பார், அதனால்தான் கடுதாசி.

ஆபரேஷனில் மார்பை எடுத்த பிறகும் நோய் எங்கேயாவது ஒட்டிக்கொண்டிருந்தால் சாகடிக்க ரேடியேஷன் கரண்ட் வைக்கிறார்கள் என்று சொன்னேனே, அதற்குத்தான் தினமும் சேலம் போய் வருகிறோம். மிஷின் என்னைச் சுற்றி வரும், ஊசி குத்துகிற வலிகூட இல்லை, சீக்கிரமே எழுப்பிவிடுவார்கள், அதற்குப் போக வர நாள் முழுக்க பஸ். தோல்தான் கருத்து எரிகிறது. கரண்ட் எங்கே பாய வேண்டும் என்று நெஞ்சில் மையால் கோடு போட்டிருக்கிறார்கள், சோப்பு போடாதே, மஞ்சள் பூசாதே, கோடு அழியக் கூடாது என்று முதல் நாளே சொன்னார்கள். போன ஞாயிற்றுக்கிழமை பாலக்கோட்டில் பாஞ்சாலி பெரியம்மா தவறிவிட்டாள், போகாமல் இருக்க முடியுமா? திரும்பி வந்ததும் சாவு வூட்டுத் தீட்டு உள்ளே வரக் கூடாது என்று எப்போதும் போல வாசல் குழாயிலேயே தலையோடு ஊற்றி, சோப்பு போட்டு நன்றாகத் தேய்த்துவிட்டேன். புடவை மாற்றும்போது பார்க்கிறேன், கோட்டைக் காணோம்.

வைத்தியத்தை நிறுத்திவிடுவார்களோ, மறுபடி முதலில் இருந்தோ என்று நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. தக்காளிப் பெட்டியில் பேர் எழுதும் மார்க்கரை எடுத்து அப்பாவிடம் கொடுத்து, இருந்த மாதிரியே போட்டுவிடுங்கள் என்றேன். வாங்கி மூடியைத் திறந்தவர் திரும்ப மூடினார். "எங்க இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது, ஆபரேஷன் ஆனதில் இருந்து இந்த மனுசன் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. நான் ஜாக்கெட் மாற்றினால் மாட்டுக்குத் தண்ணீர் காட்டக் கிளம்பிவிடுவார். கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தது, மார்க்கரைப் பிடுங்கி எறிந்தேன்.

மறுநாள் சேலத்தில் உள்ளதைச் சொல்லிவிட்டேன். மிஷின் பார்க்கிற பெண் திட்டவில்லை, நல்லவேளை நீங்களாகப் போடவில்லை, கரண்ட் தள்ளிப் பட்டால் உள்ளே இருக்கிற நுரையீரலுக்குக் கேடு என்றாள். மறுபடி ஸ்கேன் பார்த்துப் புதுக் கோடு போட்டார்கள், அன்றைக்குக் கரண்ட் வைக்கவில்லை, விட்டுப்போன நாளைக் கடைசியில் சேர்த்துக்கொள்வார்களாம். அப்புறம் அப்பாவை உள்ளே கூப்பிட்டு, "ஐயா, நீங்களும் பாத்து வெச்சுக்குங்க, மங்கினா சொல்லுங்க" என்றாள். தரையையே பார்த்துக்கொண்டிருந்தவர் பிறகு தலையைத் தூக்கினார்.

இருந்தாலும் மனசு அடங்க மாட்டேன் என்கிறது. அந்த இடைவெளியில் அது திரும்ப வளர்ந்திருந்தால்? கூட்டின வாசலையே திரும்பக் கூட்டுகிறேன். இப்போதெல்லாம் பஸ்ஸுக்கு முன்னால் அப்பா எதிரே உட்கார்ந்து, "கோடு அப்படியே இருக்குது செல்லி" என்று சொல்கிறார். நேற்று, வலிக்குதா என்று கேட்டார். இத்தனை மாதத்தில் அதுதான் முதல் தடவை. போனில் அவரை ஒன்றும் கேட்டுவிடாதே.

நீயும் உடம்பைத் தொட்டுப் பார்த்துக்கொள், கட்டி கிட்டி என்றால் அன்றைக்கே டாக்டரிடம் போ, மறக்காதே. முனியப்பன் உங்கள் இருவரையும் கண்ணுக்குள் வைத்துக் காப்பான். மீதி எழுத நேரமில்லை, அப்பா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வந்து நிற்கிறார், கோடு பார்க்க வேண்டுமாம்.

இப்படிக்கு,
உன் அம்மா செல்லி