வலி மாத்திரையும் நீ சொன்ன நொதியும்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. நீ அங்கே சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கேயும் எல்லோரும் சுகம் என்று எழுதப் போனேன், கை ஓடவில்லை.

அப்பா நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார். கால் வீக்கம் வடிந்திருக்கிறது, டயாலிசிஸ் இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள், அதனால் பதறாதே. பத்து நாளைக்கு முன் லேத் பட்டறையில் வேலை செய்துகொண்டிருந்தவர் தலைசுற்றி அப்படியே உட்கார்ந்துவிட்டார், கூட இருந்தவர்கள்தான் வண்டியில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். டாக்டரம்மா பழைய ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டு, கிட்னி பாதிதான் வேலை செய்கிறது என்று ஆறு மாதம் முன்பே இவரிடம் சொன்னேனே, மூட்டுவலி மாத்திரையைத் தொடவே கூடாது என்றேனே, உங்கள் மகளும் போனில் எல்லாம் கேட்டுக்கொண்டாளே என்றார். எனக்கு அதில் ஒரு வார்த்தைகூடத் தெரியாது.

ஏன் என்னிடம் மறைத்தீர்கள் என்று அப்பாவைக் கேட்டேன். நீ ஆராய்ச்சி செய்கிற அந்த நொதியைப் பற்றிச் சொன்னார். உடம்புக்கு நெருக்கடி வந்தால் செல்லுக்குள் அது தானாகவே பெருகிக் கிட்னியைக் காப்பாற்றும் என்றாயாம், பிறகு அம்மாவை எதற்குக் கலவரப்படுத்துவது என்று இரண்டு பேரும் பேசிவைத்துக்கொண்டீர்களாம். எலிகளிடம் பார்த்ததைத்தான் சொல்லியிருப்பாய், ஒருவேளை காப்பாற்றலாம் என்றுதான் சொல்லியிருப்பாய், உன்னை எனக்குத் தெரியும். அவர் காதில் அது காப்பாற்றும் என்று விழுந்திருக்கிறது. பக்கத்தில் நான் இருந்திருந்தால் திருப்பிக் கேட்டிருப்பேன். எட்டாவதோடு நின்றவளுக்கு இதெல்லாம் புரியாது என்று நினைத்துவிட்டாயா? டாக்டரம்மா எனக்கு இரண்டே வார்த்தையில் புரியவைத்தார். அந்த நொதி காவல் காப்பது உண்மையாக இருக்கலாம், ஆனால் தினமும் அடித்துக்கொண்டே இருந்தால் எந்தக் காவலும் தாங்காது என்றார்.

அடித்தது யார் தெரியுமா? இந்த ஆறு மாதமும் சாப்பாடு முடிந்ததும் அந்த மாத்திரையைப் பிரித்து, தண்ணீரோடு அவர் கையில் கொடுத்தவள் நான். தீர்ந்துபோனால் மருந்துக்கடைக்கு ஓடியவளும் நான். முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்க்கப் பொறுக்காமல் சில நாள் இரண்டாகவும் கொடுத்தேன். ஏன் வாங்கி விழுங்கினீர்கள் என்று கேட்டதற்கு, “வலி தாங்கல, நீ கொடுக்கும்போது வேணாம்னு சொல்ல வாய் வரல” என்றார். அவரைத் திட்டவும் முடியவில்லை. உன்னை மன்னிக்கவும் இன்னும் மனம் வரவில்லை.

வேளைக்குச் சாப்பிடு, ஆராய்ச்சி நல்லபடியாக முடியட்டும், இதை மனதாரத்தான் சொல்கிறேன். அடுத்த வாரம் மறுபடி இரத்தப் பரிசோதனை. இனி எதுவாக இருந்தாலும் முதலில் எனக்குத்தான் சொல்ல வேண்டும் என்று டாக்டரம்மாவிடம் என் நம்பரைக் கொடுத்துவிட்டேன். உனக்குத் தெரிய வேண்டுமென்றால் என்னைக் கேள். ஒன்றையும் மறைக்காமல் சொல்வேன்.

இப்படிக்கு,
உன் அம்மா